தூக்குத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு: கொள்ளை, பாலியல் வன்கொடுமை, கொலை வழக்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2003 ஜூன் 5 இரவு, மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கம் தோட்டக் குடிசையில் இருந்த ஒரு குடும்பத்தின் மேல் ஒரு கும்பல் பாய்ந்தது. பணமும் நகையும் போயின, வன்கொடுமை நடந்தது, ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் கைதானார்கள். 2006-ல் செஷன்ஸ் நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. 2007-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் மூவருக்கு அதை உறுதி செய்து, மற்ற மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் சேர்த்து மறுபடி தூக்கே விதித்தது. 2019 மார்ச் 5-ல் அதே உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆறு பேரையும் விடுதலை செய்தது. தலைக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. சம்பவம் நடந்த இரண்டாம் நாளே, உயிர் தப்பிய பெண் சாட்சி போலீஸ் ஆல்பத்தில் வேறு நான்கு பேரைக் காட்டியிருந்தார். அந்த நால்வரைப் பற்றி யாரும் விசாரிக்கவே இல்லை.

குற்றம் எவ்வளவு கொடூரமானது என்பது ஒரு கேள்வி. செய்தவர் இவர்தானா என்பது வேறொரு கேள்வி. செய்தவர் இவரே என்றாலும் இவரைத் தூக்கில் போட்டே ஆக வேண்டுமா என்பது மூன்றாவது. கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பில் முதல் கேள்விக்கான பதிலே மற்ற இரண்டுக்கும் பதிலாக நின்றிருக்கும். மேல்முறையீட்டின் வேலை மூன்றையும் பிரித்து வைப்பது. இந்தியச் சட்டத்தில் அந்த வேலை எந்த வரிசையில், எந்தக் காலக்கெடுவில் நடக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். சட்ட உதவி வழக்கறிஞர்களையும் ஜூனியர்களையும் மனத்தில் வைத்து எழுதியது; கைதியின் குடும்பத்தாரும் படிக்கலாம்.

தீர்ப்பு வந்த வாரம்

முதலில் எந்தச் சட்டம் என்று பாருங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும்: கொலைக்கு 302, கூட்டுக் கொள்ளையில் கொலைக்கு 396, வன்கொடுமையால் மரணம் நேர்ந்தால் 376ஏ. அதற்குப் பின் நடந்ததென்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(1), 310(3), 66. நடைமுறைக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) இருக்கிறது. கீழே தரும் பிரிவு எண்கள் அதன்படியானவை. பழைய தீர்ப்புகளைப் படிக்க வசதியாக முக்கியமான இடங்களில் பழைய எண்ணையும் தருகிறோம்.

செஷன்ஸ் நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனை தன்னளவில் நிறைவேறாது. பிரிவு 407-ன்படி (பழைய 366) வழக்குக் கட்டு முழுவதையும் அந்த நீதிமன்றமே உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இது ‘ஆர்.டி.’ எண் பெறும். கைதி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் இது நடந்தே தீரும். ‘அதுதான் தானாகவே போகிறதே, அப்பீல் எதற்கு’ என்று குடும்பத்தார் கேட்பது வழக்கம். கைதியின் வாதங்களை வரிசையாக வைக்கும் தாள் அப்பீல் மனுதான். அதோடு கொள்ளைக்கும் வன்கொடுமைக்கும் தனித்தனியே விதித்த சிறைத் தண்டனைகளும் இருக்கும். அவற்றை எதிர்க்கவும் அப்பீல் வேண்டும். ஆகவே பிரிவு 415-ன் கீழ் தனி மேல்முறையீடு போட்டே ஆக வேண்டும்.

காலக்கெடு 30 நாள். மற்ற தண்டனைகளுக்கு உயர் நீதிமன்றம் போக 60 நாள் உண்டு, தூக்குக்குப் பாதிதான். இது தெரியாமல் 60 நாள் என்று நினைத்து உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. தாமதமானால் அதைப் பொறுத்துக்கொள்ளக் கோரித் தனி மனு போடலாம், தூக்கு வழக்கில் பெரும்பாலும் ஏற்பார்கள், ஆனால் அந்த நிலைக்கு விடக்கூடாது. அப்பீலுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கைதிக்குச் சொல்வது தண்டனை விதிக்கும் நீதிமன்றத்தின் கடமை. தீர்ப்பின் நகல் இலவசம். வெளியில் ஆள் இல்லாதவர் பிரிவு 424-ன்படி சிறை அதிகாரி மூலமாகவே மனு அனுப்பலாம். அதற்கு வக்காலத்தும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

காவலில் இருப்பவர் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவையோ அதன் மதுரைக் கிளைக் குழுவையோ அணுகலாம். தேசிய உதவி எண் 15100. 2019 டிசம்பரில் ‘அனோகிலால்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு அளவுகள் வைத்தது: தூக்கு விழக்கூடிய வழக்கில் சட்ட உதவிக்கோ நீதிமன்ற நண்பராகவோ (நீதிமன்றம் தனக்கு உதவ அமர்த்தும் வக்கீல்) அமர்த்தப்படுபவருக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாள் கொடுக்க வேண்டும். விசாரணை நீதிமன்றத்தில் இந்த இரண்டும் நடந்ததா என்று தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அதுவே ஒரு வலுவான காரணமாகலாம்.

குற்றவாளிகள் பலர் என்றால் எல்லாருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். ‘நான் கூடப் போனேன், தொடவில்லை’ என்பவரும் ‘நான் போகவே இல்லை’ என்பவரும் ஒரே மனுவில் நிற்க முடியாது. ஒரே வக்கீல் என்றால் அவர் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைக் கைவிட வேண்டிவரும். பெரும்பாலும் இருவருக்குமே பயனில்லாத பொதுவாதத்தில் போய் ஒதுங்குவார்.

கட்டைப் படிக்கும் முறை

தீர்ப்பிலிருந்து தொடங்காதீர்கள். தீர்ப்பு ஏற்கெனவே ஒரு கதையைச் சொல்லி முடித்துவிட்டது. அதைப் படித்தபின் சாட்சியத்தையும் அந்தக் கண்ணால்தான் படிப்பீர்கள். முதல் தகவல் அறிக்கை, அது மாஜிஸ்திரேட்டின் கைக்குப் போன நேரம், பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு), கைப்பற்றுதல் மகஜர்கள், போலீசிடம் கொடுத்த வாக்குமூலங்கள், தடயவியல் அறிக்கைகள், அதற்குப் பின் சாட்சியங்கள், கடைசியாகத் தீர்ப்பு. இதுதான் வரிசை. முதல் தகவல் அறிக்கையில் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று இருந்தால், அடையாளம் எந்த நாளில், யார் வாயிலிருந்து வந்தது என்பதே வழக்கின் முதுகெலும்பு.

படித்துக்கொண்டே ஒரு அட்டவணை போடுங்கள். மேலே குற்றவாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். பக்கத்தில் கொள்ளை, வன்கொடுமை, கொலை என மூன்று வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நபரை அந்தக் குற்றத்தோடு கட்டும் சாட்சி எண், ஆவண எண், பக்க எண். ஆறு பேர் வழக்கென்றால் பதினெட்டுக் கட்டம். எழுதி முடித்துப் பார்த்தால் பல கட்டம் காலியாக இருக்கும், அல்லது ‘எதிரிகள் அனைவரும்’ (குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லாரும்) என்ற சொல் மட்டும் இருக்கும். அந்தக் காலிக் கட்டங்கள்தான் உங்கள் அப்பீல்.

தமிழ்நாட்டுக் கட்டுகளில் சாட்சியம் தமிழில் பதிவாகியிருக்கும். உச்ச நீதிமன்றம் போகும்போது ஆங்கிலமாகும். மொழிபெயர்ப்பை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுவது சலிப்பான வேலைதான், ஆனால் விடக்கூடாது. ‘அவன் போல இருந்தது’ என்று சாட்சி சொன்னதில் ‘போல’ உதிர்ந்துவிடும். ‘அடிச்சாங்க’ என்ற பன்மை ஒருவன் அடித்ததாக ஆகிவிடும். ‘ஆளைத் தெரியும், பேர் தெரியாது’ என்பது ‘தெரியாது’ என்றே சுருங்கிவிடும். ஒரு சொல்லில் ஒரு ஆளின் உயிர் இருக்கும் வழக்கு இது.

வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரோ அடையாளம் காட்டும் விவரமோ உங்கள் தட்டச்சுத் தொகுப்பில் எங்கும் வரக்கூடாது. இறந்துவிட்டவர் என்றாலும் அதே விதிதான். குடும்பத்தாரின் பெயர், ஊர், பள்ளிப் பெயர் வழியாகவும் அடையாளம் வெளிப்படும், அவற்றையும் மறையுங்கள்.

கொள்ளைப் பகுதி: நகையும் ‘ஏற்கத்தக்க பகுதியும்’

இந்த வகை வழக்குகள் பலவற்றில் கொலைக்கு நேரடிச் சாட்சி இருக்காது. நகை கிடைத்தது என்பதிலிருந்தே கொலை வரை பாலம் கட்டியிருப்பார்கள். பாலத்தின் ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பாருங்கள்.

காணாமல் போனதாக முதலில் சொன்ன பட்டியலையும் கைப்பற்றிய பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். எடை, கல், முறிவு, பெயர்ச் சுருக்கம் ஏதாவது முதல் பட்டியலில் இருக்கிறதா? ‘நாலு பவுன் சங்கிலி’ என்று மட்டும் சொன்னால் அது எந்தக் கடையிலும் கிடைக்கும் சங்கிலி. முதல் பட்டியலில் இல்லாத பொருள் கைப்பற்றலில் மட்டும் வந்தால், எப்போது, யார் சொல்லிச் சேர்ந்தது? அடகுக் கடைக்காரர் சாட்சி என்றால் அவருடைய பதிவேடும் ரசீதும் கோர்ட்டில் குறியிடப்பட்டதா, அல்லது அவர் வாய்ச் சொல் மட்டும்தானா?

போலீஸ் காவலில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தில் பொருள் கிடைக்க வழி செய்த பகுதி மட்டுமே சாட்சியம். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 27, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 23-ல் வரும் விலக்கு. நம் கோர்ட்டுகளில் ‘ஏற்கத்தக்க பகுதி’ என்று ஆவணமாகக் குறியிடுவார்கள். 1946-ல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சில் ‘புலுகுரி கோட்டய்யா’ வழக்கில் வகுத்த எல்லை இன்றும் அதுவே: ‘கத்தியை இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன்’ வரும், ‘இந்தக் கத்தியால்தான் குத்தினேன்’ வராது. தீர்ப்பைத் திருப்பிப் பாருங்கள், முழு வாக்குமூலமும் மேற்கோளாக நிற்கும் தீர்ப்புகள் நிறைய. பொருள் கிடைத்த இடம் எல்லோரும் போய்வரும் இடமா, போலீசுக்கு முன்பே தெரியுமா, பல எதிரிகள் ‘சேர்ந்து’ ஒரே பொருளைக் காட்டினார்களா என்பது அடுத்த வரிசைக் கேள்வி. மகஜர் சாட்சி கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் மட்டும் என்றால், அன்று அவர்கள் அங்கே இருந்ததற்கு அலுவலகப் பதிவு ஏதும் உண்டா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக நிரூபணமானாலும், சம்பவத்துக்குச் சில நாளில் ஒருவர் கையில் நகை இருந்தது என்பதற்குத் திருட்டுப் பொருளை வாங்கினார் என்றும் பொருள் கொள்ளலாம். காலம் எவ்வளவு குறுகியது, அவர் சொன்ன விளக்கம் என்ன, கொலையையும் கொள்ளையையும் ஒரே செயலாகக் கட்டும் வேறு சங்கதி உண்டா என்பதைப் பொறுத்தே கொலை வரை போக முடியும்.

கூட்டுக் கொள்ளை என்றால் ஐந்து பேராவது வேண்டும். இருவர் விடுதலையாகி நால்வர் மிஞ்சினால், ‘பெயர் தெரியாத இன்னொருவர் இருந்தார்’ என்பதற்குத் தனிச் சாட்சியம் இல்லாமல் அந்தப் பிரிவு நிற்காது. ஐந்து பேரும் இருந்தால் யார் வெட்டினார் என்பது குற்றத் தீர்மானத்துக்குத் தேவையில்லை. ஆனால் தண்டனையைத் தேர்ந்தெடுக்கக் கட்டாயம் தேவை. இந்த வேறுபாட்டை மனுவில் தனிப் பத்தியாக எழுதுங்கள். வாய்வாதத்தில் இது கரைந்துபோகும்.

அடையாள அணிவகுப்பும் மரபணுவும்

அடையாள அணிவகுப்பு என்பது பலரை வரிசையில் நிறுத்திச் சாட்சியை ஆளைக் காட்டச் சொல்வது. சம்பவம் இரவில் என்றால் விளக்கு எங்கே, எவ்வளவு நேரம், முகத்தை மூடியிருந்தார்களா என்பது ஆரம்பம். அணிவகுப்புக்கு முன் படம் பத்திரிகையில் வந்ததா? ஸ்டேஷனில் சாட்சிக்குக் காட்டினார்களா? கூட நின்றவர்கள் வயதிலும் தோற்றத்திலும் ஒத்தவர்களா? சாட்சி அணிவகுப்பில் ‘இவர்தான்’ என்பதோடு நின்றாரா, ‘இவர்தான் கத்தி வைத்திருந்தவர்’ என்றும் சொன்னாரா? பின்னதற்கே எடை அதிகம். சாட்சி முன்னதாக வேறு ஆளைக் காட்டியதுண்டா என்பதை எப்போதும் தேடுங்கள். நாசிக் வழக்கு விழுந்த இடம் அதுதான்.

மரபணு அறிக்கையைக் கண்டதும் வாதத்தை விட்டுவிடும் வக்கீல்கள் இருக்கிறார்கள். அறிக்கை சரியாகவே இருக்கலாம். ஆய்வகத்துக்குப் போன பொருள் எது என்பதுதான் கேள்வி. மாதிரியை எடுத்தவர், முத்திரையிட்டவர், ஸ்டேஷன் சொத்து அறைப் பதிவு, கோர்ட்டுக்குப் போன தேதி, ஆய்வகத்தில் பெற்ற தேதி, அங்கே முத்திரை அப்படியே இருந்ததா என்று ஒவ்வொரு கைமாற்றத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். டெல்லி சாவ்லா பகுதிப் பெண் 2012-ல் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் மூவருக்குத் தூக்கு. மாதிரிகள் பிப்ரவரி 14-லும் 16-லும் கைப்பற்றப்பட்டு 27-ஆம் தேதி வரை போலீஸ் கிடங்கில் இருந்தன. இடையில் யார் தொட்டார்கள் என்று விளக்கமில்லை. 49 சாட்சிகளில் முக்கியமான 10 பேர் குறுக்கு விசாரணையே செய்யப்படவில்லை. 2022 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுதலை செய்தது. தீர்ப்பு வெளியானதும் பொதுவெளியில் எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் அது சேர வேண்டிய இடம் மாதிரியைக் கிடங்கில் போட்டு வைத்தவர்கள்.

கேமரா பதிவு, தொலைபேசி அழைப்புப் பதிவு என்றால் மின்னணுச் சான்றிதழ் (இப்போது பிரிவு 63, முன்பு 65பி) இருக்கிறதா என்று பாருங்கள். ‘பதிவில் அவர் தெரிந்தார்’ என்று சாட்சி சொன்னால் போதாது, பதிவே கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

எதிரியிடம் கேட்ட கேள்விகள்

பிரிவு 351-ன் (பழைய 313) கேள்வித்தாள் பெரும்பாலும் கடைசியில் சடங்காக நடக்கும். தண்டனைக்கு அடிப்படையான ஒவ்வொரு சங்கதியையும் அந்த நபரிடம் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்காத சங்கதியை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது. இருபது சாட்சிகளின் சாரத்தை ஒரே நீளக் கேள்வியில் அடைத்து ‘பொய்’ என்று ஒரு சொல் பதில் வாங்கியிருந்தால் அது பயன்படும் காரணம். நேரில் பார்த்தவர் இல்லாமல் சூழல்களை மட்டும் கோத்து நிரூபிக்கும் சந்தர்ப்ப சாட்சிய வழக்கென்றால் 1984-ன் ‘சரத் பிர்திசந்த் சார்தா’ தீர்ப்பு வைத்த ஐந்து சோதனைகளையும் இதோடு சேர்த்து வைத்து, சங்கிலியில் எந்தக் கண்ணி இல்லை என்று சுட்டுங்கள்.

உயர் நீதிமன்றத்தில்

வழக்கைக் குறைந்தது இரண்டு நீதிபதிகள் கேட்க வேண்டும். கருத்து வேறுபட்டால் மூன்றாம் நீதிபதியிடம் போகும். அப்பீல் காலம் முடியும் முன்போ, போட்ட அப்பீல் முடிவாகும் முன்போ தூக்கை உறுதி செய்ய முடியாது. உறுதி செய்யும் வழக்கில் நீதிபதிகள் கீழ்க் கோர்ட்டின் முடிவு நியாயமாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர முடியாது. சாட்சியம் முழுவதையும் தாங்களே புதிதாக எடைபோட வேண்டும். அவர்கள் தூக்கை உறுதி செய்யலாம், வேறு தண்டனை தரலாம், குற்றத்தை மாற்றலாம், புதிய விசாரணைக்கு அனுப்பலாம், விடுதலை செய்யலாம்.

அதிகம் பயன்படாத ஒரு கருவி பிரிவு 408: மேலும் விசாரணையோ கூடுதல் சாட்சியமோ தேவை என்றால் உயர் நீதிமன்றம் தானே எடுக்கலாம், செஷன்ஸ் கோர்ட்டை எடுக்கச் சொல்லலாம். மனநல மதிப்பீடு, வயதுச் சான்று, முன்பு ஒளிந்திருந்த ஆவணம் எல்லாவற்றுக்கும் இதுவே வாசல். இறுதி வாதத்தின் நடுவில் வாய்மொழியாகக் கேட்காமல், ஆரம்பத்திலேயே தனி மனுவாகப் போடுங்கள்.

‘விரைவாக முடித்தோம்’ என்பது பெருமையாகச் சொல்லப்படும் வழக்கில் அந்த வேகமே காரணமாகலாம். சென்னைப் புறநகரில் 2017-ல் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், செங்கல்பட்டு மகிளா நீதிமன்றம் 2018 பிப்ரவரி 19-ல் குற்றவாளி என்று தீர்மானித்து அன்றே தூக்கும் விதித்தது. அந்த ஜூலையிலேயே உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது: தற்காப்புக்கு உரிய வாய்ப்புத் தரப்படவில்லை, சாட்சியச் சங்கிலியும் நிற்கவில்லை என்று. ஏழரை ஆண்டு கழித்து அந்தக் குழந்தையின் வீட்டாருக்கும் பதில் இல்லை. அவசர விசாரணையின் விலையை அவர்களும்தான் கொடுக்கிறார்கள்.

தண்டனைக் கட்டு: இரண்டாவது வழக்கு

இங்கேதான் பெரும்பாலான அப்பீல்கள் இளைக்கின்றன. குற்றத் தீர்மானத்தை எதிர்த்து எண்பது பக்கம் எழுதிவிட்டு, தண்டனைக்கு ‘வயது குறைவு, முன்குற்றம் இல்லை, வயதான பெற்றோர்’ என்று ஒரு வரி. நீதிபதியும் தீர்ப்பில் அதே ஒரு வரியை எழுதி, அடுத்த வரியில் தள்ளிவிடுவார்.

1980-ன் ‘பச்சன் சிங்’ தீர்ப்பின்படி ஆயுள்தான் விதி, தூக்கு விலக்கு. குற்றத்தையும் பார்க்க வேண்டும், குற்றவாளியையும் பார்க்க வேண்டும். திருந்த வாய்ப்பில்லை என்பதை நிரூபிப்பது அரசுத் தரப்பின் பாரம். தூக்கு விதித்தால் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் என்கிறது பிரிவு 393(3). 2009-ல் நாசிக் வழக்கில் தூக்கு விதித்தபோது, குற்றத்தை மட்டும் பார்த்தால் போதும் என்ற தொனியில் 1996-ல் வந்த ஒரு தீர்ப்பைப் பின்பற்றினார்கள். அந்தத் தீர்ப்பு பச்சன் சிங்குக்கு முரண் என்று அதே 2009-ல் ‘பரியார்’ வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. கீழ்க் கோர்ட்டு எந்தத் தீர்ப்பைச் சாய்மானமாக வைத்திருக்கிறது என்று பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2022 மே மாதம் ‘மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு’ தீர்ப்பு வந்தது. இந்தூரில் கொள்ளையடிக்கப் போய் ஒரே வீட்டில் மூன்று பெண்களைக் கொன்ற வழக்கு. தூக்கு குறைந்தது 25 ஆண்டு ஆயுளாக மாறியது. தண்டனைக் கட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற நடைமுறையையும் அதுவே வகுத்தது. அரசு கொண்டுவர வேண்டியவை: மனநல, உளவியல் மதிப்பீடு, வயது, குடும்பப் பின்னணி, சிறுவயது வன்முறை அல்லது புறக்கணிப்பு, படிப்பு, வருமானம், முன்வழக்குகள், சிறையில் நடத்தை, செய்த வேலை, படித்த படிப்பு. கைதித் தரப்புக்கும் தன் ஆவணங்களைக் கொண்டுவர நேரம் தர வேண்டும்.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது? கைதியிடம் ஒரே நாளில் எல்லாம் வராது. மூன்று நான்கு முறை பார்க்க வேண்டும். சிறைக் காவலர் காதுக்கு எட்டாத தூரத்தில் பேச அனுமதி கேட்டு உத்தரவு வாங்குங்கள். ஊருக்குப் போங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, இடையில் நின்ற ஆண்டு, அரசு மருத்துவமனைச் சீட்டு, தலையில் அடிபட்ட சம்பவம், கொத்தடிமை வேலை, பெற்றோர் மரணம் எல்லாம் தாளாகக் கிடைக்கும். கிடைக்காததற்கு ஆசிரியர், முதலாளி, பக்கத்து வீட்டுக்காரரின் உறுதிமொழிப் பத்திரம். சிறைக் கண்காணிப்பாளர் அறிக்கை வந்தால் ‘நடத்தை திருப்தி’ என்ற வரியோடு விடாதீர்கள். சிறைக்குள் பெற்ற தண்டனைகளின் பதிவேடு, படிப்புச் சான்று, வேலைப் பட்டியல் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டு. ஆறு பேருக்கு ஒரே வாக்கியத்தில் தண்டனை எழுதியிருந்தால் அதுவே பிழை.

வயதை எப்போதும் சந்தேகியுங்கள். சம்பவ நாளில் 18 நிறையாதவருக்குத் தூக்கே கிடையாது. இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 9(2)-ன்படி இதை எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பின்னும்கூட எழுப்பலாம். பிரிவு 94-ன் வரிசை: பள்ளிச் சான்று, அது இல்லையேல் உள்ளாட்சிப் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. 1994-ல் புனேயில் கொள்ளையின்போது ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்ட வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட ஒருவர், சம்பவத்தன்று பன்னிரண்டரை வயதுச் சிறுவன் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கண்டது. அதற்குள் 28 ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தது. நாசிக் வழக்கிலும் ஒருவர் சிறார் என்று தெரியவந்தது இடையில்தான்.

தூக்குக்கும் 14 ஆண்டு ஆயுளுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. 2008-ன் ‘ஷ்ரத்தானந்தா’ தீர்ப்பு திறந்தது. 2015-ல் ‘ஸ்ரீஹரன்’ வழக்கில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது: 20, 25, 30 ஆண்டு, அல்லது வாழ்நாள் முழுதும் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள். இதை விதிக்க உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே அதிகாரம். மாற்று வேண்டுகோளாக இதை மனுவிலேயே எழுதலாம். ஆனால் நிரபராதி என்று வாதிடும் வழக்கில் முதல் பத்தியிலேயே இதை வைத்தால் உங்கள் வாதத்தை நீங்களே நம்பவில்லை என்று படும். இடம் பார்த்து வையுங்கள்.

உச்ச நீதிமன்றம்

உயர் நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து தூக்கு விதித்தால் அரசியல் சாசனப் பிரிவு 134-ன் கீழ் உரிமையாகவே அப்பீல் உண்டு. உறுதி செய்த வழக்கில் பிரிவு 136-ன் கீழ் சிறப்பு அனுமதி மனு. காலக்கெடு 60 நாள். மற்ற வழக்குகளின் 90 நாளை இங்கே எண்ணாதீர்கள். 2018-ன் ‘பாபாசாகேப் காம்ப்ளே’ தீர்ப்பின்படி தூக்கு வழக்கின் மனுவை வாசலிலேயே காரணமின்றித் தள்ள முடியாது. மூன்று நீதிபதிகளுக்குக் குறையாத அமர்வே கேட்கும்.

தண்டனை விசாரணையில் நடந்த குறையை இங்கும் சரிசெய்யலாம். டெல்லி 2012 டிசம்பர் 16 (நிர்பயா) வழக்கில், நால்வரையும் தனித்தனியாகத் தண்டனை குறித்துக் கேட்கவில்லை என்று நீதிமன்ற நண்பர்கள் சுட்டியபின், 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவரையும் உறுதிமொழிப் பத்திரம் போட அனுமதித்தது. போட்டார்கள், படித்துப் பார்த்து தூக்கையே உறுதி செய்தது. வாய்ப்புக் கிடைப்பது வேறு, முடிவு வேறு.

உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மறுபடி பார்க்கக் கோருவது சீராய்வு மனு; அதற்கு 30 நாள். மற்ற வழக்குகளில் இது நீதிபதிகள் அறையில் தாள் சுற்றிலேயே முடியும். தூக்கில் மட்டும், 2014-ன் ‘முகமது ஆரிஃப்’ தீர்ப்புக்குப் பின், திறந்த நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன் வாய்வாதம் உண்டு, வரம்பு அரை மணி. இதைச் சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடலூர் மாவட்டத்தில் 2009-ல் ஒரு சிறுவன் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் 2013-ல் உறுதியான தூக்கு, 2023 மார்ச் 21-ல் சீராய்வில் 20 ஆண்டு ஆயுளாக மாறியது. தணிக்கும் சூழல்களை எந்தக் கோர்ட்டும் சரியாகக் கேட்கவில்லை என்பதே காரணம். நாசிக் ஆறு பேரும் மீண்டதும் முதலில் தள்ளுபடியான சீராய்வு 2018-ல் மறுபடி திறக்கப்பட்டதால்தான்.

அதற்குப் பின் மறுசீராய்வு மனு. மூத்த வழக்கறிஞரின் சான்று வேண்டும், வெற்றி அரிது. 2025 ஆகஸ்டில் ‘வசந்தா துபாரே’ வழக்கில் இன்னொரு கதவு திறந்தது: மனோஜ் நடைமுறை பின்பற்றப்படாமல் தூக்கு உறுதியாகியிருந்தால், அரசியல் சாசனப் பிரிவு 32-ன் கீழ் தண்டனைப் பகுதியை மட்டும் மறுபடி திறக்கக் கோரலாம்.

கருணை மனுவும் வாரண்டும்

பழைய சட்டத்தில் கருணை மனுவுக்குச் சிறை விதிகள் மட்டுமே இருந்தன. இப்போது பி.என்.எஸ்.எஸ். 472 கெடு வைக்கிறது: உச்ச நீதிமன்றத் தள்ளுபடியைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள், முதலில் ஆளுநருக்கு, அவர் மறுத்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. ஆகவே ‘தெரிவித்த நாள்’ எது என்பதற்கு எழுத்துச் சான்று வாங்கி வையுங்கள். ஒரே வழக்கில் பலர் என்றால் எல்லாரும் மனுப் போட்டார்களா என்று சிறை அதிகாரி பார்க்க வேண்டும். கருணை முடிவை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது; ஆனால் அரசியல் சாசனப்படியான வரம்புக்குட்பட்ட மறு ஆய்வு உண்டு என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருப்பதால் அந்த வாதம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

மனுவில் வழக்கின் சாட்சியத்தை மறுபடி கொட்டாதீர்கள். நீதிமன்றம் பார்க்காதது அல்லது பார்த்தபின் மாறியது எது என்பதே வேண்டும்: மனநோய், சிறையில் கழித்த ஆண்டுகள், தனிமைச் சிறை, சிறையில் மாறிய வாழ்க்கை. மனு கிடப்பில் கிடந்தால் ஒவ்வொரு நினைவூட்டலையும் தேதியோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 2014 ஜனவரியில் ‘சத்ருகன் சௌகான்’ தீர்ப்பில் 15 பேரின் தூக்கு, பெரும்பாலும் விளக்கமில்லாத தாமதத்துக்காக, ஆயுளானது. தாமதத்துக்குக் கைதி காரணமல்ல என்று காட்ட அந்தத் தபால் ரசீதுகள்தான் நிற்கும். புனேயில் 2007-ல் ஒரு பெண் ஊழியர் கடத்தி வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட வழக்கில் கருணை மனு மறுக்கப்பட்டபின், தூக்கு நாளைக் குறிக்கும் வாரண்டு போடுவதில் நேர்ந்த தாமதம்கூட, 35 ஆண்டுத் தண்டனையாக மாறக் காரணமானது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

எல்லா வழிகளும் முடியும் முன் தூக்கு வாரண்டு போட முடியாது. 2015 மே 15-ல் உச்ச நீதிமன்றம் அப்பீலைத் தள்ளிய ஒரு உத்தரப்பிரதேச வழக்கில், ஆறே நாளில் செஷன்ஸ் நீதிபதி வாரண்டு போட்டார். சீராய்வுக்கான 30 நாள்கூட ஓடவில்லை. மே 27-ல் அது ரத்தானது: கைதிக்கு நோட்டீஸ் தந்து, வக்கீலை வைத்துக் கேட்டபின்தான் வாரண்டு, அதில் நாளும் நேரமும் குறிப்பிட வேண்டும். கருணை மறுப்பு தெரிந்த நாளுக்கும் தூக்கு நாளுக்கும் நடுவே குறைந்தது 14 நாள் வேண்டும் என்கிறது ‘சத்ருகன் சௌகான்’ தீர்ப்பு. குடும்பத்தாரின் கடைசிச் சந்திப்பு, உடல்நிலை மற்றும் மனநலப் பரிசோதனை எல்லாம் அதற்குள் வரும். அந்த 14 நாளில் ஆவணம் தேடிக்கொண்டிருக்க முடியாது. தீர்ப்புகளின் சான்றிட்ட நகல், மனநல மருத்துவப் பதிவுகள், கருணை மனுவும் அதன் மறுப்பாணையும், தபால் ரசீதுகள், கையெழுத்திட்ட வக்காலத்து ஆகிய ஐந்தும் ஒரே கோப்பில், ஒரு பிரதி டெல்லி வக்கீலிடமும் ஒரு பிரதி உங்களிடமுமாக, வாரண்டு வருவதற்கு முன்பே இருக்க வேண்டும்.